ஜாப் கார்டில் இல்லாத வரி

31 வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பாளையங்கோட்டையில் என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்கள் வாயால் ஆயிரம் சொல்வார்கள். "கெணத்துல பாதி எங்களுக்குத்தான் அண்ணாச்சி, ஊருக்கே தெரியும்" என்பார்கள். மூலப்பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்குத் தெரிஞ்சு என்ன செய்ய, இதுல இல்லையே" என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் வாடிப்போகும். எழுத்தில் இல்லாத கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாது. ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், என் சொந்தக் காருக்குப் பத்து மாதம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2021 தை மாதம் அந்தக் காரை எடுத்தோம். எங்கள் குடும்பத்தில் முதல் கார். அம்மைக்கு அப்போது 78 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஆட்டோவில் காலைத் தூக்கி வைப்பதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மாதம் ஒரு தடவை கண் ஆஸ்பத்திரி, இரண்டு தடவை எலும்பு டாக்டர். அவளுக்காகத்தான் எடுத்தோம். ஆன்ரோடு 11 லட்சத்து 40 ஆயிரம். பாதிக்கு மேல் வங்கிக் கடன். சாஸ்தா கோயிலில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பின் இருக்கையில் உட்கார்ந்ததும் அம்மை செய்த முதல் காரியம், மடித்து வைத்திருந்த பழைய சேலையை இருக்கையில் விரித்ததுதான். "அழுக்காயிரும்லா" என்றாள்.

ஷோரூமில் எவ்வளவோ கேட்டார்கள். என்ன கலர், லோன் எந்த வங்கி, இன்சூரன்ஸ் எத்தனை வருடத்துக்கு, மிதியடி வேண்டுமா, பின்னால் பார்க்கிற கேமரா வேண்டுமா. ஒரே ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. "சார், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வீட்டிலிருந்து அலுவலகம் மூன்றரை கிலோமீட்டர். ஆஸ்பத்திரி ஐந்து. எப்போதாவது ஊருக்குப் போனால் முப்பது. டீசல் என்றால் மைலேஜ் கிடைக்கும், இழுவை இருக்கும் என்று மைத்துனர் சொன்னார். ஷோரூமிலும் டீசல் வண்டி தயாராக நின்றது. எடுத்துவிட்டேன்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி. பிஎஸ்4-லிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குப் போனோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடலாம் என்றிருந்த கரித்தூள் 25 மில்லிகிராமிலிருந்து நாலரை மில்லிகிராமாகக் குறைந்தது. நல்ல விதி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வண்ணார்பேட்டையில் பஸ் புகையைக் குடித்து வளர்ந்தவன் நான். அந்த அளவுக்குப் புகையைக் குறைக்க வேண்டுமென்றால் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வேண்டும். டி.பி.எஃப். என்கிறார்கள். தேன்கூடு மாதிரி பீங்கான் அறைகள். புகை உள்ளே நுழைந்து சுவரைத் துளைத்து வெளியேறும்போது கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் சூடு தேவை. வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் வண்டி சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். மூன்றரை கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால், எரிய ஆரம்பித்த கரி பாதியில் நின்றுவிடும். நாட்டிலேயே அதிகக் கார் விற்கிற மாருதி அந்த 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. இதெல்லாம் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. பணம் கட்டிய நாளில் இதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது.

2021 மே மாத ஊரடங்கில் வண்டி நின்றே கிடந்தது. ஜூலையில் முதல் தடவையாக, வடிகட்டி அடைக்கிறது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அட்வைசர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், நீங்க வண்டிய ஓட்டுறதே இல்ல. ஹைவேல ஏத்தி ஒரு அரை மணி நேரம் விட்டுட்டு வாங்க, போயிரும்" என்றான். லேப்டாப்பை மாட்டி நின்ற இடத்திலேயே கரியை எரித்தார்கள். சைலன்சரிலிருந்து கிளம்பிய அனல் மூன்றடி தள்ளி நின்ற என் காலில் அடித்தது. விளக்கு அணைந்தது. புகாரும் வேலையும் எழுதிய ஜாப் கார்டை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நால்வழிச் சாலை. காலை ஆறரைக்கு அம்மையையும் கூட்டிக்கொண்டு கேடிசி நகரில் ஏறி, தாழையூத்து, கங்கைகொண்டான் தாண்டிக் கயத்தாறு வரை போய்த் திரும்புவோம். மேற்கே மலை, இரண்டு பக்கமும் பொட்டல் காடு, கயத்தாறு நெருங்கும்போது காற்றாலைகள். அவள் அதுவரை காற்றாலையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. "எம்புட்டுப் பெருசு" என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்வாள். டீசல் விலை கையைக் கடித்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் விளக்கு போகவில்லை. 300 கிலோமீட்டர், 350 கிலோமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப வந்தது. போவேன், லேப்டாப்பை மாட்டுவார்கள், அணையும், கையெழுத்து. "டிரைவிங் பேட்டர்ன் சார்" என்பார்கள். அந்த வார்த்தையை அந்த வருடம் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. வாரா வாரம் கயத்தாறுக்குப் போய் வருகிறேனே என்று சொன்னால், "இன்னும் கொஞ்சம் ஸ்பீடாப் போங்க" என்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயந்திரம் என்றால் பழுதாகும். அதற்காக நான் யாரையும் வைய மாட்டேன். ஆயிரக்கணக்கான பாகங்களில் ஒன்று சரியில்லாமல் வந்துவிடுவது யார் செய்தாலும் நடக்கக்கூடியது. அதற்குத்தானே வாரண்டி என்று ஒன்றை எழுதிக் கொடுக்கிறார்கள்? மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. என் மனதை அறுத்தது பழுது இல்லை. பழுதுக்குக் காரணம் நீதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, என்னையும் அதை நம்ப வைத்ததுதான்.

நான் மட்டும் நம்பினால் பரவாயில்லை. அம்மையும் நம்பிவிட்டாள். வீட்டில் நானும் என் மனைவியும் பேசுவது அவள் காதில் விழுந்திருக்கிறது. சின்னச் சின்னத் தூரத்துக்கு எடுப்பதால்தான் வண்டி கெட்டுப்போகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். சின்னத் தூரம் என்றால் யாருக்காக? அவளுக்காக. 2022 மாசி, பங்குனி இரண்டு மாதமும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தபோது, "இப்பம் கண்ணு நல்லாத்தான் தெரியிது, அடுத்த மாசம் பாப்போம்" என்றாள். நானும் நல்லதுதான் போல என்று விட்டுவிட்டேன். சித்திரையில் பூ கட்டும்போது நூல் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். "நான் ஏறி ஏறித்தான அந்த வண்டி இப்படி ஆச்சு" என்றாள்.

அந்த வாரமே கயத்தாறிலிருந்து திரும்பும்போது, கங்கைகொண்டானுக்கு வடக்கே வண்டி இழுவையை விட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் சிமெண்ட் லாரி ஆரனை அழுத்திக்கொண்டே வந்து, உரசுகிற மாதிரி விலகிப் போனது. ஓரத்தில் ஒதுக்கி இரட்டை இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மை முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரிப்புச் சேலை கீழே சரிந்து கிடந்தது.

இந்தத் தடவை எஸ்டிமேட் கொடுத்தார்கள். வடிகட்டி முழுக்க அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும், லேபரோடு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஓட்டும் விதத்தால் வந்த அடைப்பு என்பதால் வாரண்டி கிடையாது. "இதுக்கு முன்னாடி இத்தனை தடவை வந்திருக்கேனே, அப்பமே சரியாப் பாத்திருக்கலாம்லா?" என்று கேட்டேன். அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "உங்க ஹிஸ்டரில இந்தக் கம்ப்ளெயின்ட் ஒரு தடவதான் சார் இருக்கு."

அன்றிரவு எல்லா ஜாப் கார்டையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஒன்பது. எழுத்தெண்ணிப் படித்தேன், பத்திரம் படிக்கிற மாதிரி. வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் ஒன்றில் மட்டும் 'டிபிஎஃப் லைட்'. மற்ற எட்டில், 'ஜெனரல் செக்கப்', 'ஜெனரல் செக்கப்', 'வாட்டர் வாஷ்', 'ஆயில் டாப்அப் செக்', மறுபடி 'ஜெனரல் செக்கப்'. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்து, தலைப்பெழுத்தோடு, தேதியோடு. பத்து மாதமாக நான் வாயால் சொன்னது எதுவும் அந்தக் காகிதத்தில் நடக்கவே இல்லை.

வடிகட்டிக்கு நான் சம்மதிக்கவில்லை. இன்னொரு தடவை கரியை எரித்துக் கொடுக்கச் சொல்லி, ஒரு நாள் விட்டிருந்தேன். மறுநாள் காலையில் போனபோது அட்வைசர் வரவில்லை. ஒரு டெக்னீசியன் பையன், இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும், பானட்டைத் திறந்து வைத்திருந்தான். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல்கடை ஏறியிருந்தது. "ஆயில் குறையும், கூடுமா அண்ணாச்சி? மோந்து பாருங்க." மோந்தேன். டீசல் வாடை. கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல், எரிந்து முடிக்காமல் வண்டி அணைந்த போதெல்லாம் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது.

"ரோட்ல ஓடும்போது சூடு முள்ளு எங்க நிக்கும்?" என்று கேட்டான். யோசித்தேன். ஊருக்குள் நெரிசலில் நடுவில் நிற்கும், நால்வழியில் வேகமாகப் போகப் போகக் கீழே இறங்கும். நல்லதுதானே, இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்தான். இராத்திரி முழுக்க நின்ற வண்டி, சில்லென்று இருந்தது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸைக் காட்டி, "கைய வச்சிக்கிட்டே இருங்க" என்றான். வைத்தேன். இரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பு வந்தது, மெல்ல மெல்ல ஏறியது.

"இந்த ஓஸ் இப்பம் சூடாவக் கூடாது அண்ணாச்சி. தெர்மோஸ்டாட் மூடி இருக்கணும். இன்ஜின் நல்லா சூடாகி, அது தொறந்த பொறவுதான் தண்ணி இந்தப் பக்கம் வரும். அப்ப ஓஸ் பட்டுன்னு சுடும். உங்க வண்டில அது மூடவே இல்ல. மொதல்லருந்தே தொறந்து கெடக்கு. ரோட்ல காத்து அடிக்க அடிக்க இன்ஜின் ஆறிப்போவுது. இன்ஜின் சூடு பத்தலன்னா கரிய எரிக்கிறதையே வண்டி ஆரம்பிக்காது, ஆரம்பிச்சாலும் முடிக்காது. நீங்க கன்னியாமரிக்கும் காசிக்கும் ஓட்டுனாலும் இதேதான்." சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றான்.

சொல்லவில்லை. இப்போதும் அவன் யார், எங்கே என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் எனக்குச் செய்தது சின்ன உதவி இல்லை. லேப்டாப்பில் கோளாறு எண் வந்தால் மட்டும் நம்புகிற இடத்தில், கையை வைத்துப் பார்க்கச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

பிறகு என் தொழிலை நான் செய்தேன். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். ஒன்பது தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் ஓடிய கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது, கார்டில் எழுதியது. கடைசிப் பத்தியில், குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் ஓஸ் சூடாகிறது, ஓட ஓட முள் இறங்குகிறது, ஆயில் மட்டம் ஏறுகிறது, இவற்றை என் முன்னிலையில் சோதித்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் கூப்பிட்டுப் பதிவு செய்தேன்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது நல்லதும் கெட்டதும் சொன்னார். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் விலை என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் புது வண்டியே கிடைக்கும் என்று நினைக்காதே என்றார். வாரண்டியில் கெட்ட பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதும்தான் நிறுவனத்தின் கடமை, காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. தயாரிப்பிலேயே கோளாறு என்று சொல்கிறவன்தான் நிபுணர் அறிக்கையோடு அதை நிரூபித்தாக வேண்டியிருக்கும். என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே 2012 செப்டம்பரிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறதாம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. இங்கே ஒரு டீச்சரோ பத்திரம் எழுதுகிறவனோ இன்ஜினுக்குள் நடப்பதை எப்படி நிரூபிப்பது? கம்ப்யூட்டரும் அவர்களிடம், கருவியும் அவர்களிடம், வண்டியின் சரித்திரமும் அவர்கள் எழுதியதுதான். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வழக்கு வரைக்கும் போகவில்லை. கடிதம் போன பன்னிரண்டாம் நாள் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். லேப்டாப்பை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாழையூத்து தாண்டி எண்பதில் போகும்போது திரையை என் பக்கம் திருப்பினார். கூலண்ட் சூடு 64 டிகிரி. "90-க்குப் பக்கத்துல இருக்கணும்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்வரை இருவரும் பேசவில்லை.

தெர்மோஸ்டாட், ஆயில், ஆயில் ஃபில்டர், வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தது எல்லாம் வாரண்டியில். பில்லில் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். கழற்றிய பாகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து கையில் வைத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, சுற்றிலும் சுருள் கம்பி, தட்டு மாதிரி ஒரு மூடி. குப்பிக்குள் மெழுகு இருக்குமாம். தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து மூடியைத் தள்ளும், ஆறினால் சுருங்க, கம்பி மூடியை இழுத்துக்கொள்ளும். அந்த மூடி கோணலாகச் சிக்கி நின்றது. இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அந்த நக அளவு இடைவெளிதான் அம்மையை இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்தது. வாரண்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்றார்கள். கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மையிடம் சொன்னேன். அவளுக்குத் தெர்மோஸ்டாட் புரியவில்லை. "வாங்கும்போதே உள்ள ஒரு மூடி கோணலா இருந்திருக்கும்மா. நீ ஏறுனதுனால இல்ல" என்றேன். அதை இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சின்னத் தூரம் ஓட்டினால் கரி சேரத்தான் செய்யும், அது இப்போதும் உண்மை. மாதம் ஒன்றிரண்டு தடவை கயத்தாறு போய் வருகிறோம். விளக்கு அதன்பிறகு ஒரே ஒரு தடவை வந்தது, நால்வழியில் ஏறி இருபது நிமிடத்தில் தானாகவே போய்விட்டது. முள் நடுவில் நிற்கிறது. இப்போதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் கண் அதன்மேல் போய்த்தான் திரும்புகிறது.

போன சர்வீசுக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போனோம். அம்மை பின் இருக்கையிலேயே இருந்தாள். புது அட்வைசர், இளம் பெண். 'சஸ்பென்ஷன் நாய்ஸ்' என்று அடித்துவிட்டு டேப்லெட்டை நீட்டினாள். கையெழுத்துப் போடும் முன்னால், "நான் சொல்லச் சொல்ல அடிக்கியாம்மா?" என்று கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. "சொல்லுங்க சார்." சொன்னேன். காலையில் முதலில் எடுக்கும்போது மட்டும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, இடது முன் சக்கரத்துப் பக்கம் இரண்டு தடவை தட்டுகிற சத்தம். அரை மணி நேரம் ஓடிய பிறகு இல்லை. அவள் அடித்து முடித்து, சரியா என்று எனக்கு வாசித்துக் காட்டினாள்.

பின்னால் கண்ணாடி பாதி இறங்கியது. "இந்த சன்னலு முழுசா எறங்க மாட்டேங்குது பாத்தியா" என்றாள் அம்மை. "அதையும் எழுதச் சொல்லு."

அந்தப் பெண் அதையும் அடித்தாள்.